ஆட்கள் தேவை

திருப்பூர்ல எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் பனியன் கம்பெனி கேட்டுல ஒரு போர்டு தொங்கும். 'ஆட்கள் தேவை: டெய்லர், செக்கிங், அயர்னிங், கைமடி.' தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கமிருந்து வந்த எத்தனையோ பேர் கையில் வேலை உத்தரவு இல்லாமல்தான் பஸ் ஏறினார்கள். சொந்தக்காரர் ரூமில் ரெண்டு நாள் தங்கி, போர்டைப் பார்த்து உள்ளே போய், மெஷினில் தைத்துக் காட்டினார்கள். பீஸ் ரேட் கட்டுப்படியாகலைன்னா அடுத்த தெருவில் இன்னொரு கம்பெனி. முதலாளிங்க "ஆளே நிக்க மாட்டேங்கறாங்க"ன்னு புலம்புவாங்க. ஆனா ஊர் வளர்ந்தது இப்படித்தான்.

இதையே நாடு அளவுக்குப் பெருசாக்கிப் பாருங்க. தொழில் தெரிஞ்ச ஒருத்தன் குடியேற வந்தா, வேலை கையில் இருந்தாத்தான் விடணுமா? வந்து தேடிக்கறேன்னா விடலாமா?

அமெரிக்காவின் எச்-1பி முதல் வகை. கம்பெனிதான் மனுப் போடணும். வருசத்துக்கு 65,000 பேர், அங்கேயே முதுகலை முடிச்சவங்க இன்னும் 20,000 பேர். கனடா 1967-லேயே புள்ளி முறை கொண்டு வந்தது. படிப்பு, மொழி, வயசு, அனுபவம் எல்லாத்துக்கும் மார்க். போதுமான மார்க் இருந்தா வேலை இல்லாமலே பி.ஆர். வாங்கலாம்.

எங்க அக்கா பையன் முதல் வழியில் போனவன். பீளமேட்டில் இன்ஜினியரிங் படிச்சு, அமெரிக்காவில் ஒன்பது வருசம். வீட்டுக் கடன், ரெண்டாவது படிக்கற பொண்ணு. 2023-ல் ஒரு நாள் மெயில் வந்துச்சு, வேலை போச்சு. அங்கே அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதுக்குள்ள இன்னொரு கம்பெனி மனுப் போடணும், இல்லை விசா வகையை மாத்தணும், இல்லைன்னா கிளம்பணும். 52-ஆம் நாள் ஒரு இடம் கிடைச்சது, பழைய சம்பளத்தில் முக்கால்வாசிக்கு. "பேசிப் பார்க்கலையாடா?"ன்னு கேட்டேன். "எதை வெச்சு மாமா பேசறது?"ன்னான்.

அவன்கூடப் படிச்சவன் பி.ஆர். வாங்கிக் கனடா போனான். மெக்கானிக்கல் இன்ஜினியர், பதினாலு மாசம் கிடங்கில் பெட்டி தூக்கினான். போற இடமெல்லாம் "கனடா அனுபவம் இருக்கா?"ன்னே கேட்டாங்களாம். கஷ்டம்தான். ஆனா கிடங்கு வேலையை விட்டப்போ நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கலை.

வேலைக் கடிதம் கேட்பதிலும் நியாயம் இருக்கு. எந்த ஆள் தேவைன்னு அதிகாரியை விட முதலாளிக்குத்தான் தெரியும். வந்தவனும் முதல் மாசமே சம்பளம் வாங்குவான். கனடாவே 2015-ல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி தொடங்கினப்போ 1,200 புள்ளியில் 600-ஐ வேலைக் கடிதத்துக்குக் கொடுத்தது. 2016 நவம்பரில் அதை 50, 200-ன்னு குறைச்சாங்க. 2025 மார்ச்சில் முழுசா எடுத்துட்டாங்க. காரணம், புள்ளிக்காகக் கடிதத்தையே காசுக்கு விக்க ஆரம்பிச்சுட்டாங்க. யாரோட திறமையைக் காட்டணுமோ அந்தக் கடிதம், கடைசியில் அவன் அப்பன் பணத்தைத்தான் காட்டுச்சு.

நம்ம கொங்குப் பக்கத்து நூல் மில்லுகள்ல சுமங்கலித் திட்டம்னு ஒண்ணு இருந்ததே, ஞாபகம் இருக்கா? பொண்ணுங்களுக்கு வேலை உறுதி, ஹாஸ்டல் உறுதி. மூணு வருசம் முடிச்சாத்தான் மொத்தத் தொகை. நடுவில் வந்துட்டா அது போச்சு. படிச்சவன் விசாவும் இதுவும் ஒண்ணுன்னு சொல்லலை. ஆனா விட்டுட்டுப் போக முடியாதவனுக்கு எங்கேயும் குரல் கம்மிதான்.

என்னைக் கேட்டா, வேலைக் கடிதத்தைக் கட்டாயமாக்கக் கூடாது. அதே சமயம், மார்க் போட்டுக் கூப்பிடற நாடு, அந்தப் படிப்பை உள்ளூர்க் கம்பெனிகளும் லைசென்ஸ் தர்ற அமைப்புகளும் மதிக்க வழி பண்ணணும். இல்லைன்னா இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பெட்டி தூக்க விடறதுதான் மிச்சம்.

அக்காவோட சின்னவன் இப்போ எங்கிட்ட யோசனை கேக்கறான். ஸ்கோர் வந்தா கனடா போ, ஒரு வருசச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கிட்டுப் போன்னு சொல்லியிருக்கேன். நீங்க என்ன சொல்வீங்க?