கியர்பாக்ஸ் பிரீதர் ஹோஸை உயர்த்துங்கள்

தனி கியர்பாக்ஸ் உள்ள பைக்கில் ஆறு, ஓடை கடப்பவர்கள் அதன் பிரீதர் ஹோஸை டேங்குக்கு அடிவரை நீட்டிக்கொள்வது வீண் வேலை இல்லை. 27 டிகிரியில் இருக்கும் காற்று 87 டிகிரிக்குச் சூடானால் ஐந்தில் ஒரு பங்கு விரியும்; அது வெளியேறத்தான் அந்தக் குழாய். சூடான பெட்டி குளிர்ந்த நீரில் மூழ்கியதும் உள்காற்று சட்டெனச் சுருங்கும். அந்நேரம் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரையே உறிஞ்சும். ஆயில் பால்காபி நிறத்துக்கு மாறும், பேரிங் துருப்பிடிக்கும்.

குழாயை அடைத்துவிட்டால் போதாதா என்பார்கள். கூடவே கூடாது. போக வழியில்லாத அழுத்தம் ஆயில் சீல் வழியே கசிவை உண்டாக்கும். நீளம் கூடினால் காற்று தடைபடாதா என்றால், போய்வரும் காற்று கொஞ்சம்தான்; மடிப்புதான் எமன். ஆயில் தாங்கும் ரப்பர் குழாயை சைலன்சரில் படாமல் கொண்டுபோய், நுனியைக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள். இடையில் தொய்வு இருந்தால் அங்கே ஆயில் தேங்கி அடைத்துக்கொள்ளும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.