பழுப்பு நிறப் பழமும் என் அவசர புத்தியும்



இரண்டு மாதம் முன்பு, ராணுவத்தில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவன் லீவில் வந்தபோது வீட்டுக்கு வந்திருந்தான். லே பஜாரில் வாங்கியது என்று ஒரு கிலோ உலர்ந்த ஆப்ரிகாட் கொடுத்தான். சுருங்கிப் பழுப்பாக, பழைய பேரீச்சம்பழம் மாதிரி இருந்தது. "கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டார்களா தம்பி?" என்று கேட்டே விட்டேன். சிரித்தான். "சார், வெயிலில் காய்ந்தால் இதுதான் நிறம். கடையில் பளபளவென்று ஆரஞ்சாக இருப்பது கந்தகம் போட்டது." கந்தக டை ஆக்சைடு பாடம் நடத்திய எனக்கே வகுப்பெடுத்துவிட்டுப் போனான்! (ஆஸ்துமா உள்ள சிலருக்கு அந்தக் கந்தகம் இழுப்பை உண்டாக்கும். பாக்கெட்டில் சல்ஃபைட் அல்லது 220 என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.)

லடாக்கில் இதன் பெயர் சூலி. ஹல்மான் என்றொரு வகை. ரக்ட்சே கார்போ என்ற இன்னொன்றின் கொட்டை வெள்ளையாக இருக்கும், புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. கொட்டைக்குள் பாதாம் போலப் பருப்பு உண்டு. கசந்தால் துப்பிவிடுங்கள், கசப்புப் பருப்பு வயிற்றில் சயனைடாக மாறும்.

இனி என் தப்பு. வீட்டம்மாவுக்குக் கிரியேட்டினின் சற்று அதிகம். பொட்டாசியம் கூடாது என்று டாக்டர் வாழைப்பழம், இளநீர் இரண்டையும் நிறுத்தியிருந்தார். நான் என்ன செய்தேன்? அதற்குப் பதிலாக ஆப்ரிகாட் கொடுத்தேன். இரும்புச்சத்து, நார்ச்சத்து என்று நானே விளக்கம் சொல்லி, ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பத்துப் பழம், ஊறிய தண்ணீரோடு. மூன்று வாரம்.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9. ஐந்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

100 கிராம் வாழைப்பழத்தில் பொட்டாசியம் ஏறக்குறைய 350 மில்லிகிராம். அதே எடை உலர்ந்த ஆப்ரிகாட்டில் 1,100-க்கு மேல். தண்ணீர் போய்விட்டால் மிச்சமெல்லாம் செறிந்துதானே நிற்கும்? எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். எனக்குத் தோன்றவில்லை. போதாததற்கு, அவள் போடும் பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்குகிற வகை.

மருந்து கொடுத்து இப்போது 4.8-க்கு இறங்கியிருக்கிறது. சிறுநீரகம் நன்றாக உள்ளவர்கள் தாராளமாகத் தினம் நாலைந்து சாப்பிடலாம். சர்க்கரை உள்ளவர்கள் எண்ணிச் சாப்பிடுங்கள், எடையில் பாதி சர்க்கரைதான்.

தம்பி, இதைப் படித்தால் வருத்தப்படாதே. பழத்தின் மேல் குற்றமில்லை. மிச்சத்தைப் பேத்தி தீர்த்துவிட்டாள். அடுத்த லீவுக்கு வரும்போது அரை கிலோ போதும்.