அனைவரும் வருக

நான் மாலையில் நடக்கப் போகும் வழியில் ஒரு பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அதன் நூலகத்துக்கு வெளியே கம்பிவலைக் கதவு போட்ட ஒரு நோட்டீஸ் போர்டு. மேலே 'நிகழ இருப்பவை' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதன் முன் நின்று படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. சொற்பொழிவுகளுக்குப் போவது அபூர்வம், படிப்பதோடு சரி. நாள் கடந்த பின்னும் அந்தத் தாள்களை யாரும் எடுப்பதில்லை. அடுத்த தாள் மேலே குத்தப்படும்வரை, நடந்து முடிந்துவிட்டது இன்னும் நடக்க இருப்பதாகவே இருக்கும்.

இந்த அறிவிப்புகளுக்கென்று மாறாத ஓர் அமைப்பு உண்டு. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. ஒவ்வோர் உரைக்கும் நேரே ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் பட்டங்கள். கேட்கிறவனுக்கு மட்டும் பெயர் கிடையாது. 'அனைவரும் வருக' என்ற கடைசி வரியில் அவன் அடங்கிவிடுகிறான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்பதை முன்கூட்டி அச்சடிக்க முடியாதுதான். ஆனால் ஒரு சொற்பொழிவு நிஜமாக நடந்ததா இல்லையா என்பது அந்தக் கடைசி வரியைப் பொறுத்த விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உலகத்தில் மிகப் பேர் பெற்ற விருந்தினர் சொற்பொழிவுகளுக்கும் இது பொருந்தும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் எலியட் நார்ட்டன் பெயரால் 1925இல் ஏற்படுத்திய கவிதைப் பீடம் ஒன்று உண்டு. கவிதை என்பதை அங்கே விரிந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்ட்ராவின்ஸ்கி போன்ற சங்கீதக்காரர்களும் பேசியிருக்கிறார்கள். எலியட் 1932-33லும் ஆக்டேவியோ பாஸ் 1971-72லும் பேசினார்கள். 1952-53இல் பேசிய கம்மிங்ஸ், தன்னுடையவை சொற்பொழிவுகளே அல்ல என்று அறிவித்து, புத்தகத்துக்கும் அப்படியே பெயர் வைத்தார். ஸ்தாபனம் அதையும் சிரித்தபடி தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

இந்த வரிசையில் இரண்டு பேரை என்னால் மறக்க முடிவதில்லை. ஒருவர் போர்ஹெஸ். 1967-68இல் அங்கே ஆறு முறை பேசினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு, கண்பார்வை போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. கையில் குறிப்பு கிடையாது. இருந்தாலும் படிக்க முடியாது. பல பாஷைகளின் கவிதைகளை ஞாபகத்திலிருந்தே சொன்னார். அந்தப் பேச்சின் ஒலிநாடாக்கள் முப்பது வருஷத்துக்கு மேல் நூலகத்தில் கிடந்து, பிறகு அகப்பட்டு, 2000த்தில்தான் புத்தகமாக வந்தன.

மற்றவர் இதாலோ கால்வினோ. 1985-86இல் அவர் பேச வேண்டும். ஐந்து சொற்பொழிவுகளை எழுதி முடித்துவிட்டார். ஆறாவதை ஹார்வர்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தார். அதற்குத் தலைப்பு மட்டும் இருந்தது. புறப்படுவதற்கு முன்பே, 1985 செப்டம்பரில், சியெனாவில் இறந்துபோனார். ஐந்தும் 1988இல் புத்தகமாயின. ஆறாவது இன்றுவரை தலைப்பாகவே இருக்கிறது. போர்ஹெஸின் பேச்சு எழுதப்படாமல் ஒலித்தது. கால்வினோவுடையது எழுதப்பட்டும் ஒலிக்கவில்லை. இரண்டையும் யாரோ காப்பாற்றி வைத்தார்கள்.

இதையெல்லாம் இப்போது நினைக்கக் காரணம் போன மாதம் எனக்கு வந்த ஒரு கடிதம். நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கவிஞரின் கட்டுரைகளை ஒருவர் தொகுக்கிறார். 'தமிழ்க் கவிதை மரபில் யாப்பின் இடம்' என்று 1988இல் ஒரு பல்கலைக்கழகத்தில் கவிஞர் ஆற்றிய சொற்பொழிவின் பிரதி என்னிடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். என்னிடம் இருப்பது அழைப்பிதழ் மட்டும்தான். அதுவும் பொய் சொல்கிறது.

அப்போது நான் அங்கே தற்காலிக விரிவுரையாளன். துறையில் பழைய அறக்கட்டளை ஒன்று இருந்தது. அதன் வட்டியில் வருஷத்துக்கு ஒரு சொற்பொழிவு, மார்ச் 31க்குள் நடந்தாக வேண்டும். கணக்கு முடிக்கும் அவசரத்தில், நான் சொன்ன பெயருக்கு ஒப்புதல் கிடைத்தது. கவிஞர் ஒரு போஸ்ட்கார்டில் தலைப்பை எழுதி அனுப்பினார்: 'வரி எங்கே முறிகிறது'. துறைத்தலைவர் அதைப் பார்த்துவிட்டு, இது தலைப்பு மாதிரி இல்லையே என்றார். புதிய தலைப்பை அவரே சொன்னார். நான் எழுதிக்கொண்டேன், அச்சகத்தில் கொடுத்தேன். கவிஞரைக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் என் வேலை நீடிக்க வேண்டியிருந்தது.

அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் துணிப்பை, பைக்குள் ஏழெட்டுத் தாள்கள். அழைப்பிதழை வாங்கிப் படித்தார், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு ஆள் சேராது என்று தெரிந்து, எம்.ஏ. மாணவர்களை வகுப்போடு அழைத்துவந்து உட்காரவைத்தோம். பின்வரிசையில் வருகைப்பதிவு நோட்டு சுற்றிக்கொண்டிருந்தது. நான் மைக்குக்காக ஓடினேன். பிறகு பொன்னாடை இருக்கும் அலமாரியின் சாவிக்காக. பிறகு பயணப்படி வவுச்சரில் ஒட்ட ரெவின்யூ ஸ்டாம்புக்காக. டீயும் போண்டாவும் வருகிறதா என்று கேன்டீனுக்கு இரண்டு தடவை. நடுவில் கதவோரம் நின்ற ஐந்து நிமிஷத்தில் நான் கேட்டது ஒரே ஒரு வாக்கியத்தின் பாதி. அவர் ஏதோ ஒரு வரியைப் படித்து, நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நிறுத்தம் பேச்சின் பகுதியா, கண்ணாடியில் அழுக்கா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் யாரோ தோளைத் தட்டி, போட்டோகிராபர் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

ஒலிப்பதிவு செய்யத் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. துறையில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அதை எடுக்க இன்னொரு கையெழுத்து வாங்க வேண்டும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவரோடு நின்றேன். "நீங்க கேட்டீங்களா?" என்றார். "ரொம்ப நல்லா இருந்தது ஸார்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஒரு பொண்ணு நல்ல கேள்வி கேட்டுது. எனக்கே பதில் தெரியலை. ஊருக்குப் போய் யோசிக்கணும்" என்றார். என்ன கேள்வி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உள்ளே இல்லை என்பது தெரிந்துபோயிருக்கும். பஸ் வந்துவிட்டது.

அவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அந்தத் தாள்கள் அவர் வீட்டில் இல்லை என்று தொகுப்பவர் எழுதியிருக்கிறார். ஆக, எழுதியதும் போயிற்று, பேசியதும் போயிற்று. எஞ்சியிருப்பது அறிவிப்பு. அதில் இருக்கும் தலைப்பில் அவர் பேசவே இல்லை. நான் வாய் திறக்காவிட்டால் நூற்பட்டியலில் அவர் பெயருக்கு நேரே அது ஏறிவிடும். யாப்புக்கு வக்காலத்து வாங்கியதாக யாராவது அவரைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதக்கூடும்.

எனவே இங்கே பதிவு செய்கிறேன்: தலைப்பு 'வரி எங்கே முறிகிறது'. மாற்றியவர்களில் நானும் ஒருவன்.

அந்த மாணவிக்கு இப்போது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். வருகைப்பதிவுக்காக உட்காரவைத்தவர்களில் ஒருவர், பெயர் தெரியாது. அன்று 'அனைவரும்' என்று நாங்கள் அச்சடித்தது அவரைத்தான் என்று இப்போது புரிகிறது. கேள்வி அவருக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதியும் வைத்திருக்கலாம். இந்தப் பத்திரிகை அவர் கைக்குப் போய்ச் சேரும் என்று நம்ப எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை.