மகாராணிக்கும் அம்மாவுக்கும்

சேலத்திலிருந்து கேம்பர் வேனில் மைசூர் வந்த குடும்பத்தில் அம்மா மட்டும் வழியெல்லாம் தண்ணீர் குடிக்கவில்லை. கழிப்பறையில் பட்டனை அழுத்தினால் மோட்டார் உறுமியது, தண்ணீர் வரவில்லை.

"ஒரு வாய் குடிம்மா" என்றார் மகன்.

"முதல்ல அதைச் சரி பண்ணுப்பா."

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை வேறு. தொட்டி நிரம்பியிருந்தது, ஃப்யூஸும் போகவில்லை. மைசூர் மெக்கானிக் பம்புக்கு முன்னாலிருந்த வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே பாசியும் மணலும். கழுவி மாட்டியதும் தண்ணீர் பாய்ந்தது.

மறுநாள் ரயில் அருங்காட்சியகத்தில், 1899-ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாராணியின் சலூன் பெட்டி. அதில் கழிப்பறையும் உண்டு.

"ராணிக்கு அப்பவே இருந்திருக்கு" என்றார், பஸ் பயணங்களில் ஆயுள் முழுக்கத் தாகத்தை அடக்கிய அம்மா. கையிலிருந்த பாட்டிலில் பாதித் தண்ணீர் தீர்ந்திருந்தது.