ஒரே வரியில் ஒரு கதை

இரண்டு வருஷமாக, மத்தியான வேளைகளில் அடுக்களை வாசலில் உட்கார்ந்து எழுதிய கதை. மூன்று நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டது. சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் என் சித்தி பையனிடம் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தயாரிப்பாளருக்கு இதெல்லாம் படிக்க நேரமேதுக்கா? ஒன்லைன் சொல்லுங்க" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! ஆனாலும் விடவில்லை. பால் கணக்கு எழுதும் காலண்டர் தாளின் பின்புறத்தில், 'ஒரு பெண்ணின் போராட்டம்' என்று எழிதிக் காட்டினேன்.

"இப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. யார் அவ, அவளுக்கு என்ன வேணும், எது குறுக்கே நிக்குது? மூணும் வரணும்" என்றான். 1986-ல் வந்த 'மௌன ராகம்' படத்தையே உதாரணம் காட்டினான். விருப்பமில்லாமல் கல்யாணமான பெண் விவாகரத்து கேட்கிறாள்; ஒரு வருஷம் பொறுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அதே கணவனோடு அதே வீட்டில் இருக்க வேண்டியதாகிறது. கேட்டதுமே, 'அப்புறம்?' என்று மனசு பறக்கிறதா இல்லையா? பாத்திரங்களின் பெயர்கூட வேண்டியிருக்கவில்லை, பாருங்கள்.

இன்னொன்றும் சொன்னான். வெறும் யோசனைக்குக் காப்புரிமை கிடையாது, அதை எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-லேயே ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். அதனால் முழுக் கதையையும் எழுதித் தேதியோடு பத்திரப்படுத்திவிட்டுத்தான் ஒரு வரியை வெளியே சொல்ல வேண்டுமாம். என் மூன்று நோட்டும் வீண் போகவில்லை என்று அப்போதுதான் உயிர் வந்தது.

பதினோராவது தடவையாக எழுதியது இது: 'கல்யாணத்துக்காகப் பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அறுபது வயசுப் பாட்டி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல், பேரன் எழுதும் அதே வருஷம் அதே பரீட்சைக்கு உட்காருகிறாள்.'

எழுதி முடித்ததும் கை நடுங்கிற்று. மூன்று நோட்டில் ஒளிந்திருந்தவர் ஒரு வரியில் அகப்பட்டுக்கொண்டார். அது என் மாமியார். பரீட்சை மட்டும்தான் என் கற்பனை. படிப்பை நிறுத்தியது நிஜம்.

அவரைக் கேட்காமல் எப்படி விற்பது? ராத்திரி, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவரிடம் படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசவே இல்லை.

"கடைசியில அவ பாஸ் பண்றாளா?"

"அதை ஒன்லைன்ல சொல்லக் கூடாதாம் அத்தை."

"எனக்கு மட்டும் சொல்லேன்" என்றார்.