இரு விழியும் ஒரு காட்சியும்

அரபு எழுத்துகளில் ‘நூன்’ என்பதற்கு மேலே ஒரு புள்ளி. ‘தே’ என்பதற்கு மேலே இரு புள்ளிகள். சொல்லின் நடுவில் வரும்போது இவ்விரண்டிற்கும் உருவம் ஒன்றே. புள்ளியின் எண்ணிக்கையே இன்ன எழுத்து எனப் பிரித்துக் காட்டும். அவ்வாறே, கீழே ஒரு புள்ளி பெற்றால் ‘பே’. இரண்டு பெற்றால் ‘யே’. எட்டு வயதில் அரியமங்கலத்தில் ஓதக் கற்கத் தொடங்கிய எனக்கு இடர்ப்பாடு இந்தப் புள்ளிகளிலேதான் வந்து சேர்ந்தது. முதல் நாலைந்து வரிகள் தெளிவாக இருக்கும். பின்னர் ஒற்றைப் புள்ளி மெல்லப் பிளந்து இரண்டாகும். நூனைத் ‘தே’ என்று ஓதுவேன். ‘பே’யை ‘யே’ என்று ஓதுவேன். ஓதலில் நேரும் பிழை பொருளையே புரட்டிவிடும் அன்றோ? ஹஜ்ரத்தின் பிரம்பு உயரும்.

ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டால் புள்ளி மீண்டும் ஒன்றாகிவிடும் என்பதை நானே கண்டுகொண்டேன். ஆனால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஓதுகிற சிறுவனை, ‘விளையாட்டுப் பிள்ளை’ என்று பெரியவர் ஒருவர் எண்ணியதில் வியப்பென்ன இருக்கிறது? அவரை நான் இன்றும் குறை கூறேன். எனக்கே அது நோய் என்று தெரியாது. எல்லோர்க்கும் எழுத்து இப்படித்தான் அசையும், மற்றவர்கள் என்னைவிடப் பொறுமைசாலிகள், அவ்வளவே என்று நம்பியிருந்தேன்.

பள்ளியிலும் இதே கதைதான். அரை மணி நேரம் படித்தால் நெற்றிப்பொட்டில் வலி எழும். கண்ணில் நீர் கோக்கும். எங்கள் பகுதியில் எல்லா நோய்க்கும் ஒரு காரணம் ஆயத்தமாக இருந்தது. மாநகரின் குப்பையெல்லாம் பல்லாண்டுகளாக வந்து குவிந்த கிடங்கு அரியமங்கலத்தில்தான் இருந்தது. அது தீப்பற்றிப் புகையும் நாள்களில் ஊரே கண்ணைக் கசக்கும். எனவே என் கண்ணுக்கும் அந்தப் புகையே காரணம் என்றார் அத்தா. நன்னிமாவோ கண்ணூறு என்று முடிவு செய்து, தண்ணீரில் ஓதி ஊதிக் குடிக்கத் தந்தார். அந்த நம்பிக்கையின் குளிர்ச்சி இன்னும் தொண்டையில் இருக்கிறது. வலி மட்டும் போகவில்லை.

அத்தா என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்து, ஆண்டிடையில் மூன்று மருத்துவர்களிடம் அழைத்துச் சென்றார். மூவரும் இருபதடி தொலைவில் எழுத்துப் பலகையை மாட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரிவரை படித்தேன். ‘ஆறுக்கு ஆறு, கண்ணில் ஒன்றுமில்லை’ என்பதே மும்முறையும் தீர்ப்பு. இப்போது எண்ணிப் பார்க்கிறேன்: என் குறை அருகில் பார்ப்பதில்; சோதனையோ தொலைவில். என் குறை இரு கண்களும் கூடும்போது, சோதனையோ தனித்தனியே. கணவன் மனைவி பிணக்கை விசாரிக்க வந்தவர் இருவரையும் வெவ்வேறு அறையில் நிறுத்திக் கேட்டால், இருவரும் நல்லவர்களாகத்தானே தெரிவார்கள்!

கண்ணில் ஒன்றுமில்லை என்றால் குறை குணத்தில்தான் இருக்க வேண்டும். ‘சோம்பேறி’ என்ற பெயர் எனக்கு நிலைத்தது. அதிலிருந்து என்னை ஓரளவு காத்தவர் என் அக்கா. மாலையில் பொன்மலைப் பணிமனையின் சங்கொலி கேட்டதும் விளக்கடியில் அமர்ந்து என் பாடங்களை உரக்கப் படிப்பார்; நான் கேட்டு மனத்தில் ஏற்றிக்கொள்வேன். அவருக்கு நிக்காஹ் முடிந்து தஞ்சைக்குப் போன ஆண்டில், பிளஸ் டூ இயற்பியல் தேர்வில் தோற்றேன். ஒளியியல் பாடத்தைப் படித்து முடிக்க இயலாமல் ஒளியியலில் தோற்றவன் நானாகத்தான் இருப்பேன். அத்தா அன்று திட்டவில்லை. இரவு உணவின்போது என் முகத்தைப் பார்க்கவுமில்லை. பொறியியல் என்ற அவருடைய கனவு அத்துடன் முடிந்தது. காதால் கற்கக்கூடியது என்பதனாலேயே நான் தமிழ் படிக்க வந்தேன், அதற்காக வருந்தியதில்லை.

விடை கிடைத்தது 2012-இல். விடைத்தாள் திருத்தும் காலத்து வலி பொறுக்காமல் ஒரு மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே மருத்துவருக்கு முன்பு பரிசோதிக்கும் இளம் ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் கேட்டார்: “சார், படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரியுமா?” முப்பது ஆண்டுகளில் எவரும் கேளாத வினா அது. உடனே விடை சொல்ல நா எழவில்லை. அவர் ஒரு பேனா முனையை என் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார். நலமுள்ள கண்கள் மூக்கிற்கு ஆறேழு சென்டிமீட்டர் அருகில் வரும்வரை அதனைப் பற்றி நிற்குமாம். என் வலக்கண்ணோ இருபது சென்டிமீட்டரிலேயே கைவிட்டு வெளிப்புறம் ஒதுங்கிவிட்டது. ‘கன்வர்ஜன்ஸ் இன்சஃபிசியன்சி’ என்றார். குவிவுக் குறைபாடு எனலாம். அருகிலுள்ளதைக் காண இரு விழிகளும் உள்நோக்கித் திரும்ப வேண்டும். அப்போதுதான் இரு கண்களும் தரும் சற்றே வேறுபட்ட படங்களை மூளை ஒன்றாக்கும். அந்தத் திருப்பம் தளர்ந்தால் ஒன்று இரண்டாகும்.

இதனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தம் ‘கிதாபுல் மனாஸிர்’ நூலின் மூன்றாம் பகுதியில் அவர் ஒரு சோதனையை விவரிக்கிறார். ஒரு பலகையின் விளிம்பில் மூக்கு பொருந்துமாறு வெட்டி, அதன்மேல் வண்ணக் கோடுகள் வரைந்து, மெழுகால் செய்த சிறு உருவங்களை நிறுத்துகிறார். நடுவிலுள்ளதை இரு கண்களாலும் உற்று நோக்கினால் அது ஒன்றாகவே தெரியும். அதே நேர்கோட்டில் முன்னும் பின்னும் நிற்பவை இரட்டையாகும். நான் பிரம்படி பட்டுக் கண்டதை அவர் பலகை வைத்துக் கண்டிருக்கிறார்! அந்த அரபு எழுத்துகளிலேயே அந்நூல் எழுதப்பட்டது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

நான் ஒருவன் மட்டும் அல்லன் என்பதும் இப்போது தெரிகிறது. சங்கர நேத்ராலயாவைச் சார்ந்த ஜமீல் ரிஸ்வானா ஹுசைன்தீனும் உடனாய்வாளர்களும் தமிழ்நாட்டின் நகர்ப்புற, ஊர்ப்புறப் பள்ளிகளில் 7 முதல் 17 வயது வரையுள்ள 920 பிள்ளைகளைச் சோதித்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். மாறுகண் இல்லாத இருவிழிப் பார்வைக் கோளாறுகள் நகரத்தில் 31.5 விழுக்காடு, ஊர்ப்புறத்தில் 29.6 விழுக்காடு. அவற்றுள் மிகுதியானது குவிவுக் குறைபாடே. அக்கணக்கைப் படித்த மறுநாள், வகுப்பின் கடைசி இருக்கை மாணவர்களை நான் பார்த்த பார்வை வேறு. யாரையும் ‘சோம்பேறி’ என்று சொல்ல நா கூசுகிறது.

மருத்துவம் எளியது, பொறுமைதான் கடினம். மூன்று மணிகள் கோத்த நூலொன்றைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கருகே பிடித்து, ஒவ்வொரு மணியாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 221 சிறுவர்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், பயிற்றுநரிடம் நேரில் பன்னிரண்டு வாரம் பயின்றவர்களுள் 73 விழுக்காட்டினர் தேறினர்; வீட்டில் பென்சிலை வைத்துப் பயின்றவர்களுள் தேறியோர் 43 விழுக்காட்டினரே. ஆனால் இப்பயிற்சி படித்தறியும் திறனைத் தனியே உயர்த்திவிடவில்லை என்று 2019-இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே கண் தேறினால் மதிப்பெண் தானே வரும் என்று பெற்றோர்க்கு ஆசை காட்டுதல் முறையாகாது.

அத்தா 2009-இல் இறையடி சேர்ந்தார். நோயின் பெயர் அவருக்குத் தெரியாது. பயிற்சி முடிந்த வாரத்தில் அக்காவை வரவழைத்து, அவர் அருகிலிருக்க அத்தாவுக்காக யாசீன் ஓதினேன். மனப்பாடத்தால் அன்று, பார்த்தே ஓதினேன். இரண்டு பக்கம் கடந்த பின்பும் நூனுக்கு ஒரு புள்ளிதான் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் கண் சற்றுத் தளர்ந்தது. அக்கா ஒன்றும் கேளாமல் கிதாபைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஓதத் தொடங்கினார்.