கைக்குப் பட்டையா, பட்டைக்குக் கையா?

குழந்தைகள் ஓ.பி.யில் உயரம், எடை, இடுப்பு, பி.பி. எடுப்பதுதான் என் வேலை. ஓய்வு பெறப் போகிற சமயத்தில் புதிதாக வந்த டெக்னீஷியன் ஒருவர், "புது மெஷினில் ஏறி நின்றால் எல்லாம் திரையில் வருதே சிஸ்டர், இதுக்குத் தனியா ஒரு ஆளா?" என்றார். திரையில் எண் வரும். அது யாருடைய எண் என்பது வராது.

பன்னிரண்டு வயசுப் பையன், எழுபது கிலோ. 'சைல்ட்' என்று அச்சடித்த கைப்பட்டையை, அதாவது கஃப்பைச் சுற்றினால் பி.பி. ஏறித்தான் காட்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனியர் சிஸ்டர், டேப்பைப் பிடிக்காமல் பல்பைத் தொட விடமாட்டார். தோள் எலும்பு முனையிலிருந்து முழங்கை வரை அளந்து, நடுவில் பேனாவால் குறித்து, அந்த இடத்துச் சுற்றளவு எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றுப் பையின் அகலம் அதில் 40 சதவீதமாவது இருக்கணும். நீளம் 80க்குக் குறையக் கூடாது. கை 32 சென்டிமீட்டர் என்றால் பெரியவர்கள் கஃப்தான். "கைக்குப் பட்டையா, பட்டைக்குக் கையாடி?" என்று வார்டே கேட்கத் திட்டுவார்.

அதற்குப் பிறகும் எனக்குக் கடைசி வரை பிடிபடாதது ஒன்று உண்டு. ரொம்பக் குண்டான பிள்ளைகளுக்குக் கை மேலே பருத்துக் கீழே சிறுத்திருக்கும். எந்தக் கஃப்பும் கீழ் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், இல்லை வழுக்கி முழங்கைக்கு வந்துவிடும். அவிழ்த்துச் சாய்வாகச் சுற்றிப் பார்ப்பேன். அதற்குள் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அளப்பது எப்போதும் வலது கையில்தான்; மகாதமனி சுருங்கியிருந்தால் இடது கை குறைத்துக் காட்டலாம். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பட வேண்டும். ஏறியிருந்தாலும் ஒரே நாளில் முத்திரை குத்தக் கூடாது, வேறு வேறு நாளில் மூன்று தடவை பார்க்கணும். இப்போது ஓடி வந்த மூச்சு அடங்குவதற்குள் பட்டனை அமுக்குகிறார்கள்.

மெஷின் வயசைக் கேட்கும், பருவத்தைக் கேட்காது. ஒரே வகுப்பில் ஒருத்தி பத்து வயசிலேயே வயசுக்கு வந்திருப்பாள், இன்னொருத்திக்கு இன்னும் ஆகியிருக்காது. பருவத்தின் நடுவில் இன்சுலின் வேலை செய்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் மந்தமாகும். முடிந்ததும் பெரும்பாலும் சரியாகிவிடும். எடை கூடிய பிள்ளைகளில் பலருக்கு அப்படியே தங்கிவிடுவதுதான் கவலை. பருவ வளர்ச்சியின் படிநிலையை எழுதும் டேனர் கட்டத்தை நிரப்பாமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து என்ன தெரியும்? ஆண் பிள்ளைகளுக்குச் சடங்கும் கிடையாது, கேட்பாரும் கிடையாது. விரையின் அளவு 4 மில்லியை எட்டினால் பருவம் தொடங்கியது என்று டாக்டர்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் பிராடர் மணிகள் டிராயரில் தூசி படிந்து கிடக்கின்றன.

வீட்டிலும் இதே கதைதான், பிள்ளையைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே பத்தியம். சடங்கு முடிந்ததும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டு முட்டை. கூடவே சைக்கிளையும் கோ-கோ விளையாட்டையும் நிறுத்திவிடுவார்கள். ஒல்லியாக இருந்த, வயல் வேலைக்குப் போன பெண்ணுக்கு ஏற்பட்ட பத்தியம் அது. பின்கழுத்து கறுத்தால் அழுக்கென்று பீர்க்கங்காய் நாரால் தோல் சிவக்கத் தேய்க்கிறார்கள். எத்தனை அம்மாக்களின் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன்! அது ரத்தத்தில் இன்சுலின் கூடுவதன் அடையாளம்; தேய்த்தால் போகாது, எடை இறங்கினால் மங்கும்.

பெரிய கஃப் கேட்டு நான் எழுதிய கடிதங்களுக்கு 'நிதி இல்லை' என்றே பதில் வந்தது. மெஷினுக்கு நிதி இருந்தது. அதோடு வந்த கஃப் ஒரே அளவு.